312 பக்கமும் 50 ஓவரும்: எது பெரிய ஏமாற்றம்?

2023-இல் எனக்கு இரண்டு பெரிய ஏமாற்றங்கள். ஒன்று, ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் 399 ரூபாய் கொடுத்து வாங்கிய திரில்லர் நாவல். இன்னொன்று நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவிடம் நாம் தோற்ற உலகக் கோப்பை கிரிக்கெட் ஃபைனல். இரண்டையும் பற்றிக் கம்பெனியில் புலம்பிப் புலம்பி, நான் எதைச் சொல்கிறேன் என்றே யாருக்கும் புரியாமல் போய்விட்டது. "எல்லாம் நல்லாத்தான் போச்சு, கடைசில கவுத்துட்டாங்க" என்று ஆரம்பித்தால், "புக்கைச் சொல்றீங்களா, மேட்சைச் சொல்றீங்களா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, எழுதியவர் பிழைத்துப் போகட்டும். டீமின் பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது, ஊருக்கே தெரியும்.

முதலில் பில்டப். நாவல் வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ரீல்ஸில் அதன் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர்கள் அத்தனை பேரும் கடைசி இருபது பக்கத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள் என்கிற ரேஞ்சில் பேசினார்கள். ஸ்டாலில் செங்கல் சூளை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள், ஒன்றை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும் போல. சின்ன வயதில் எங்கள் அப்பாரு என்னை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா மாட்டுச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. "தரகன் வாயப் பாக்காத கண்ணு, மாட்டு வாயப் பாரு" என்பார் அப்பாரு. அதாவது பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கு என்கிறார். இத்தனையும் கேட்டு வளர்ந்த நான், ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் ஜிபேயில் பணத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

டீம் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் பல்லைக் காட்டிவிட்டுத்தான் சந்தைக்கு வந்தார்கள். பத்து மேட்ச், பத்து வெற்றி. இலங்கையை 55 ரன்னுக்குச் சுருட்டினார்கள், தென்னாப்பிரிக்காவை 83-க்கு. அரையிறுதியில் ஷமி 57 ரன் கொடுத்து 7 விக்கெட், அதே மேட்சில் கோலிக்கு ஒருநாள் போட்டிகளில் ஐம்பதாவது சதம். இதற்குமேல் ஒரு ரசிகன் எதைச் சோதித்துப் பார்ப்பான்? திருப்பூர் காதர்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் என் மாப்ள அந்த வாரம் நீல ஜெர்சியாக அடுக்கியதும் இந்த நம்பிக்கையில்தான். திங்கட்கிழமை அதே ஜெர்சியைப் பாதி விலைக்குக் கூவி விற்றான், அது தனிக்கதை.

அடுத்தது இடம். நாவல் நடப்பது வால்பாறையில், ஒரு எஸ்டேட் பங்களாவில். நம் பக்கத்துக் கதை என்றுதான் ஆசையாக வாங்கினேன். மூன்றாவது அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் பொள்ளாச்சியில் ஜீப்பை எடுக்கிறார், அரைமணி நேரத்தில் வால்பாறையில் இறங்குகிறார். அறுபது கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது, ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஹெலிகாப்டரில் போனாரா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன், ஜீப் என்றுதான் போட்டிருக்கிறது. பேச்சு அதைவிட மோசம். கொங்கு நாட்டுக் கதை என்பதால் எல்லாரும் எல்லா வாக்கியத்தையும் 'ங்க' போட்டு முடிக்கிறார்கள். ஸ்டேஷனில் ஒருவனைக் கட்டி வைத்து அடிக்கும் ஏட்டு, "உண்மையச் சொல்லுங்க, இல்லீனா பல்லப் பேத்துருவனுங்க" என்கிறார். எங்கள் ஊரிலும் கோபம் வந்தால் முதலில் போவது இந்த 'ங்க'தான் என்று எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் மட்டும் டீமையும் விட முடியாது. ஃபைனல் நடந்தது, ஒரு மாதம் முன்பு பாகிஸ்தானை ஜெயித்த அதே பிட்ச்சில். மெதுவான பிட்ச். சொந்த ஊர் பிட்ச்சை நம்மவர்களைவிட ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் நன்றாகப் படித்திருந்தார்: டாஸ் ஜெயித்து பீல்டிங் எடுத்தார், ராத்திரி பந்து பேட்டுக்கு நன்றாக வந்தது. டாஸ் தோற்ற ரோஹித்தோ, நாங்களும் முதலில் பேட்டிங்தான் செய்ய நினைத்தோம் என்றார். வால்பாறைக்கு அரைமணி நேரத்தில் போன இன்ஸ்பெக்டரும் இவரும் இதில் ஒரே ஜாதி. அஸ்வினைச் சென்னையில் ஒரு மேட்ச் ஆடவைத்துவிட்டு அப்புறம் டோர்னமென்ட் முழுக்க உட்கார வைத்தார்கள் என்கிற வயிற்றெரிச்சலை இங்கே கொட்ட ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

நடுப்பகுதியை எடுத்துக்கொண்டால், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், நாவல் ஜெயித்தது. கோபியிலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸில் போகும்போது படித்தேன், இரண்டாவது நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். எஸ்டேட் டாக்டர், காணாமல் போன கணக்கப்பிள்ளை, பூட்டின ஸ்டோர் ரூம் என்று முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போகிறார். இதைச் சொல்லியே ஆக வேண்டும், மனுஷனுக்கு முடிச்சுப் போடத் தெரிகிறது.

மேட்ச்சின் நடுப்பகுதியை எங்கள் தெருவில் பார்த்த விதம் வேறு. கம்பெனியில் இருந்த புரொஜெக்டரைக் கொண்டுவந்து, திரைக்காக கட்டிங் மாஸ்டர் அண்ணன் ஒரு ரோல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். சிங்கிள் ஜெர்சித் துணி. பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். எத்தனை கிளிப் போட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது ஓரம் சுருண்டு ஸ்கோரை மறைத்துவிடும். பத்து ஓவரில் 80 ரன் போனபோது ஓடி ஓடிப் போய் நீவி விட்டோம். ரோஹித் 31 பந்தில் 47 அடித்துவிட்டுத் தூக்கி அடித்தார், பின்னாலேயே ஓடிப்போய் டிராவிஸ் ஹெட் கேட்ச் பிடித்தார். அதற்கப்புறம் தொடர்ந்து 97 பந்துக்கு ஒரு பவுண்டரி இல்லை. பத்து ஓவருக்குப் பின்னால் மொத்தமே நாலு பவுண்டரி. ராகுல் 107 பந்தில் 66. முப்பதாவது ஓவர் வாக்கில் துணி சுருண்டு ஸ்கோர் மறைந்ததை ஒருத்தரும் எழுந்து போய்ச் சரிசெய்யவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? 240-க்கு ஆல் அவுட்.

இனி கடைசிப் பகுதி. என் வழக்கே இங்கேதான் இருக்கிறது.

நாவலில் கொலையாளி யார் என்று 291-ஆம் பக்கத்தில் தெரிகிறது: செத்துப்போன எஸ்டேட் முதலாளியின் இரட்டைச் சகோதரன். மலேசியாவிலிருந்து வந்தவனாம். 290-ஆம் பக்கம் வரை அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதற்கு ஒரு வரி இல்லை, ஒரு போட்டோ இல்லை, ஒரு பழைய கடிதம்கூட இல்லை. ஆனால் ஐந்தாவது அத்தியாயத்தில் டாக்டர் கொட்டும் மழையில் நடந்து வருகிறார், அவர் மூலையில் சாத்தி வைக்கும் குடை நனைந்திருக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. நான் பென்சிலில் கோடு போட்டு வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாரம் அந்தக் குடையைப் பற்றி யோசித்தேன். கடைசிவரை அந்தக் குடை திரும்ப வரவே இல்லை! எழுதியவரே மறந்துவிட்டார்.

இப்போது மேட்ச்சைப் பாருங்கள். வில்லன் டிராவிஸ் ஹெட். அதே வருடம் ஜூனில் ஓவலில், டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் நம்மை 163 அடித்தவர், அதில் 209 ரன்னில் தோற்றோம். முதல் அத்தியாயத்திலேயே ஆளைக் காட்டியாயிற்று. செப்டம்பரில் கை எலும்பு முறிகிறது, உலகக் கோப்பையில் முதல் சில மேட்ச் ஆளைக் காணோம். அக்டோபர் கடைசியில் தரம்சாலாவில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்த முதல் மேட்சிலேயே 109. அரையிறுதியில் 62 ரன், கூடவே இரண்டு விக்கெட், ஆட்ட நாயகன் விருது. ஃபைனலில் ரோஹித் கேட்ச். இதைவிட நேர்மையாக ஒரு கதையில் துப்புக் கொடுக்க முடியுமா? எல்லாம் கண் முன்னால் கிடந்தது. ஆஸ்திரேலியா 47-க்கு 3 விக்கெட் போனதும் நாங்கள் குடை நனையாததைக் கவனிக்காமல் பட்டாசுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஹெட் 120 பந்தில் 137, லபுஷேனோடு சேர்ந்து 192. ஜெயிக்க இரண்டு ரன் இருக்கும்போதுதான் அவுட் ஆனார். பட்டாசுப் பை அப்படியே மாஸ்டர் அண்ணன் வீட்டுப் பரணுக்குப் போனது.

வயிறு எரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. நாவலை மூடி வைத்தபோது அதுதான் முதலில் தோன்றியது. கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார். அந்த மாத நாவல்களை பஸ் ஸ்டாண்டில் வாங்கி, இறங்குவதற்குள் முடித்து வளர்ந்த ஊர் இது. அவசரமாக முடிவது எங்களுக்குப் புதிதில்லை. விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும், ஏமாற்றமும் ஒரு டீயோடு போய்விடும். 399 ரூபாய்க்கும் இரண்டு மாத ரீல்ஸுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம்தானே?

டீமுக்கு ஓவராக வக்காலத்து வாங்குகிறேன் என்று தோன்றினால், 2024 அக்டோபர் இருக்கிறது. அது அவர்களுடைய மலேசியா அண்ணன். நியூசிலாந்து அப்போதுதான் இலங்கையில் இரண்டு டெஸ்டையும் தோற்றுவிட்டு வந்தது, வில்லியம்சன் காயத்தால் வரவில்லை. நாம் சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர் ஜெயித்தவர்கள். பெங்களூரில் டாஸ் ஜெயித்து, மேகம் மூடின வானத்துக்குக் கீழே பேட்டிங் எடுத்து, 46 ஆல் அவுட், அதில் ஐந்து பேர் டக். புனேயில், அதுவரை டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்திராத சான்ட்னருக்கு ஒரே மேட்சில் 13. மும்பையில் இலக்கு வெறும் 147. அது தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு. காலையில் கறிக்கடை வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு வீடு வருவதற்குள் 29-க்கு 5. பந்த் 64 அடித்தும் 121-க்கு முடிந்தது, தொடர் 0-3. இதில் துப்பும் இல்லை, திருப்பமும் இல்லை. நாவலைவிட மோசம் என்று அன்றைக்குத் தீர்ப்பே எழுதிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் இடித்தது: பெங்களூரில் 46-க்குச் சுருண்ட சாயங்காலமே ரோஹித் வந்து உட்கார்ந்து, பிட்ச்சைத் தப்பாகக் கணித்துவிட்டேன், முடிவு என்னுடையது என்று சொன்னார். குடையை மறந்துவிட்டேன் என்று நம்ம எழுத்தாளர் இன்னும் சொல்லவில்லை. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் பாகம் என்றால் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். 2020 டிசம்பர் 19-இல் அடிலெய்டில் 36-க்கு ஆல் அவுட் ஆனார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜனவரி 19-இல் பிரிஸ்பேனில் தொடரையே ஜெயித்தார்கள். அந்த டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தது சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன். நெட்டில் பந்து போடக் கூட்டிக்கொண்டு போன ஆள்! இதை நாவலில் எழுதியிருந்தால் ரொம்ப எச்சு என்று நானே மூடி வைத்திருப்பேன். 2025 மார்ச்சில் துபாயில், சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் அதே ஹெட் அடிக்க ஆரம்பித்து, 39-இல் வருண் சக்கரவர்த்தி பந்தில் கில்லிடம் கேட்ச் கொடுத்தபோது, ஒன்றேகால் வருடம் முன்பு விட்ட முடிச்சை யாரோ வந்து அவிழ்த்த மாதிரி இருந்தது.

ஆக, ஒரு சாயங்காலத்தில் உடம்புக்கு அதிகம் வலித்தது ஃபைனல். திரும்ப அதே கையில் பணம் கொடுப்பாயா என்று கேட்டால், டீமுக்குக் கொடுப்பேன், நாவலுக்கு மாட்டேன். யாராவது வால்பாறை நாவல் வாங்கட்டுமா என்று கேட்டால் 290-ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பேன், அதுவரைக்கும் காசுக்குத் தகும்.

என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. 2024 ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை ஃபைனல் அன்றைக்குப் புரொஜெக்டர் உயரம் பத்தவில்லை என்று அதைத்தான் முட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு ஏழு ரன்னில் ஜெயித்தோம், பரணில் கிடந்த பட்டாசு ஈரம் பட்டிருந்தும் பாதி வெடித்தது. புத்தகம் ராசி என்று மாஸ்டர் அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார், அப்புறம் எப்போதோ படிக்கவும் ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பாதிக்கு மேல வந்துட்டேன். அந்த டாக்டர்தானுங்களே? குடை நனையவே இல்லை பாருங்க. நீங்களும் கோடு போட்டு வெச்சிருக்கீங்களே."

"படிங்கண்ணா," என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டேன்.