பாரிஸ் ராணுவ அருங்காட்சியகம்: ஓட்டை விழுந்த கவசத்துக்காகவே போகலாம்

பாரிஸில் இன்வாலித் வளாகத்துக்குப் போகிற பலர் நெப்போலியன் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஒரு செல்ஃபியோடு கிளம்பிவிடுகிறார்கள். அதே டிக்கெட்டில் ராணுவ அருங்காட்சியகமும் அடக்கம். என்னைக் கேட்டால் கல்லறையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேராகக் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்குப் போய், ஃபோவோ என்ற 23 வயது குதிரை வீரனின் மார்புக் கவசத்தைத் தேடுங்கள். பளபளக்கும் பித்தளைத் தகடு. வலது மார்பில், பீரங்கிக் குண்டு துளைத்த பெரிய ஓட்டை. முதுகுத் தகட்டிலும் ஓட்டைதான், அங்கே விளிம்பு வெளிப்பக்கமாகப் பிய்ந்து நிற்கிறது. 1815 ஜூன் 18, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர்.

இவன் இருந்தது கராபினியே படையில். பிரெஞ்சுக் குதிரைப்படையிலேயே பொறுக்கியெடுத்த ஆட்கள். ரொம்ப காலம் கவசமே இல்லாமல்தான் சண்டை போட்டார்கள். 1809இல் ஆஸ்திரியர்களிடம் பலத்த அடி வாங்கிய பிறகுதான் நெப்போலியன் இவர்களுக்கும் கவசம் மாட்டிவிட்டார். தூரத்திலிருந்து வரும் துப்பாக்கிக் குண்டை அது தாங்கும், வாள்வெட்டைத் தாங்கும். பீரங்கியிடம் என்ன செய்யும்?

இந்த மாதிரிக் குதிரைப்படைகளைக் கடைசிவரை பின்னால் நிறுத்தி வைத்து, எதிரி தடுமாறும் நேரம் பார்த்து ஏவுவதுதான் முறை. 1807இல் ரஷ்யர்களோடு நடந்த எய்லாவ் போரில், பனியில், நெப்போலியனின் குதிரைப்படைத் தளபதி ம்யூரா பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைவீரர்களோடு பாய்ந்து, தோற்க இருந்த போரைக் காப்பாற்றினார். வாட்டர்லூவில் தளபதி நே அதே ஆயுதத்தைக் காலாட்படைத் துணையில்லாமல் திரும்பத் திரும்ப வீணடித்தார். ஆங்கிலேயக் காலாட்படை சதுரம் சதுரமாக நின்று துப்பாக்கிமுனை ஈட்டிகளை நீட்டியது. எவ்வளவு பழக்கிய குதிரையாக இருந்தாலும் அந்த முள்வேலிக்குள் பாயாது. நே மீது எனக்கு இன்னும் கோபம்தான்.

அப்புறம் முற்றத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்காகச் செய்த, குதிரை மேல் அமர்ந்து அணியும் கவசம். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் பரிசாகச் செய்து, கொடுக்கப்படாமலேயே கிடந்ததை 1806இல் நெப்போலியன் அள்ளிக்கொண்டு வந்தார். 1525இல் இத்தாலியின் பாவியாவில் இதே மன்னரின் கவசப்படையை ஸ்பானியத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டு வீழ்த்தி, அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வாட்டர்லூவுக்கு 290 வருஷம் முன்னாலேயே!

இந்த இரண்டு பக்கத்துக்கும் அரை நாள் தாராளமாக வேண்டும். உலகப்போர்க் கூடங்களுக்குத் தனியாக இன்னொரு நாள் போவது நல்லது. ஆயுதங்களில் ஆர்வமில்லாதவர்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள், அரை மணியில் காபி கேட்பார்கள்.