காப்பர்-டியா, அந்தரா ஊசியா?

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் என் சின்னம்மா மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகிறது. "கருத்தடைக்குக் கருப்பையில் வைக்கிற காப்பர்-டியா, அந்தரா ஊசியா, எது அக்கா நல்லது?" என்று கேட்டாள். அரசு மருத்துவமனையில் இரண்டுமே இலவசம், அதனால் காசு பிரச்சினை இல்லை. அலைச்சல்தான்.

அந்தரா 2017-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, நம் ஆட்களுக்கோ கை தானாகப் போய்விடும்! வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பது சில பெண்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் அடுத்த தேதி ஜனவரியில் பழம் பறிக்கும் நேரத்தில் வந்தால்? ஒரு நாள் கூலி போகும். நான்கு வாரம் வரை தாமதமானாலும் போடலாம் என்பது ஆறுதல். மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும், அது ஆபத்தில்லை. நிறுத்தினால் மறுபடி கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம்.

காப்பர்-டியில் 380ஏ என்ற வகை பத்து வருடம் தாங்கும், 375 என்ற வகை ஐந்து வருடம். எடுத்த உடனே கருத்தரிக்கலாம். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிக்கடி சேலம் போக முடியாதவளுக்கு நான் காப்பர்-டி என்றுதான் சொன்னேன். அவளோ அந்தரா போட்டுக்கொண்டாள். மாமியார் காரணமாம்.