தமிழ் படிக்க எது நல்லது: கிண்டிலா, கோபோவா, ஐபேட் மினியா?

கடந்த சில வருடங்களில் வாங்கிய மின்னணுச் சாமான்களில் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது எது என்று கேட்டால், எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள மின்வாசிப்பான். உடற்பயிற்சிப் பட்டை இழுப்பறையில் கிடக்கிறது. புளூடூத் ஒலிபெருக்கியை விருந்தாளி வந்தால்தான் தேடுகிறோம். மின்வாசிப்பான் மட்டும் யாராவது ஒருவர் கையில் இருந்துகொண்டே இருக்கிறது. சரி, எந்த மின்வாசிப்பான்? இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆங்கிலம் படிப்பவருக்காக எழுதியவை. சிங்கப்பூரில் ஈசூனிலோ ஜூரோங்கிலோ இருந்துகொண்டு தமிழும் ஆங்கிலமும் கலந்து படிப்பவருக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. திரை, வெளிச்சம், பேட்டரி எல்லாம் இன்றைக்கு ஏறக்குறைய சமம். நமக்கு வேண்டிய புத்தகம் எந்த வழியாக அந்தக் கருவிக்குள் வந்து சேரும் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவிகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். கிண்டில் பேப்பர்வொயிட், 2024 மாடல்: 7 அங்குலத் திரை, 211 கிராம். கோபோ கிளாரா பிடபிள்யூ, அதுவும் 2024: 6 அங்குலம், 174 கிராம். இரண்டிலும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 16 ஜிபி இடம், தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் உடம்பு, இரவில் மஞ்சளாக மாறும் வெளிச்சம். ஐபேட் மினி 8.3 அங்குலம், 293 கிராம். வெளியானபோது அமெரிக்க விலை முறையே 160, 130, 499 டாலர். இங்கே விலை கடைக்குக் கடை, விற்பனைக்கு விற்பனை மாறும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 400 வெள்ளிக்குள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஜிஎஸ்டி கிடையாது என்ற சலுகை 2022-ஓடு போய்விட்டது. இப்போது அதற்கும் 9 விழுக்காடு உண்டு. அதனால் அமெரிக்கத் தளத்தில் மலிவாகத் தெரிவது வீட்டுக்கு வந்து சேரும்போது அவ்வளவு மலிவாக இருக்காது.

முதல் இரண்டும் இ-இங்க் திரை. மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறி எழுத்தாக நிற்கின்றன. நின்ற பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருக்க மின்சாரம் வேண்டாம். அதனால்தான் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. நண்பகல் வெயிலில் கீழ்த்தள பெஞ்சில் உட்கார்ந்தாலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது.

இனி முக்கியமான விஷயம். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை நம்மில் பலர் கைப்பேசியில் லிப்பி செயலி வழியாகப் படித்திருப்போம். அதே நூல்களை மின்வாசிப்பானில் படிக்கலாமா என்றால், கோபோவில் படிக்கலாம், கிண்டிலில் முடியாது. லிப்பியிலிருந்து கிண்டிலுக்குப் புத்தகம் அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். கிண்டில் வாங்கிவிட்டு லிப்பியில் 'கிண்டிலுக்கு அனுப்பு' என்ற பொத்தானைத் தேடும் சிங்கப்பூர்வாசிகள் ஏராளம். அது இங்கே வராது.

கோபோவில் லிப்பியை நடத்தும் ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளுக்குப் போய், நூலகமாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்து, நூலகக் கணக்கில் நுழைந்தால் முடிந்தது. அப்புறம் எம்ஆர்டியில் நின்றபடி கைப்பேசியில் ஒரு நூலை இரவல் எடுத்தால், வீட்டுக்கு வந்து கோபோவை வைஃபையில் இணைத்து ஒத்திசைத்ததும் அது அங்கே காத்திருக்கும். இரவல் காலம் முடிந்தால் தானாகவே திரும்பிப் போய்விடும். தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் லிப்பியில் கிடைக்கும் ஒலிநூல்களும் இதழ்களும் இந்த வழியில் கோபோவுக்கு வராது, நூல்கள் மட்டும்தான். புதிதாக வந்து பலரும் கேட்கும் ஆங்கில நாவலுக்கு வரிசையில் நிற்கவும் வேண்டியிருக்கும். வாரியத்தின் தமிழ் மின்னூல் தொகுப்பு, ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனாலும் குடிமக்களுக்கு நூலக உறுப்பியம் இலவசம். ஆங்கிலமும் படிக்கிற வீடாக இருந்தால் கோபோ தன் விலையைச் சில மாதங்களிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, பிள்ளைகளின் புத்தகச் செலவு பாதியாகக் குறைந்தது.

தமிழ் நூலைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர்கள் விஷயம் வேறு. அங்கே கிண்டில்தான் ராஜா. 2016 கடைசியில் அமேசான் தமிழையும் சேர்த்துச் சில இந்திய மொழிகளுக்குக் கிண்டிலில் இடம் கொடுத்தது. அதிலிருந்து காலச்சுவடு, கிழக்கு போன்ற பதிப்பகங்களின் நூல்கள் அங்கே வருகின்றன. தாங்களே நேரடியாகப் பதிப்பித்துக்கொள்ளும் எழுத்தாளர்களும் நிறையப் பேர். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் பேசப்படும் நாவலை அந்த வாரமே படிக்க வேண்டும், தேக்காவுக்குப் புத்தகம் கப்பலில் வரும்வரை பொறுக்க முடியாது என்பவருக்குக் கிண்டிலைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கோபோவின் சொந்தக் கடையில் தமிழ் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு சின்னச் சங்கடம்: இங்கிருப்பவர்கள் பொதுவாக அமேசானின் அமெரிக்கக் கடையிலிருந்துதான் மின்னூல் வாங்குகிறோம். இந்தியத் தளத்தில் நண்பர் காட்டும் விலையும் நமக்குக் காட்டும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை.

கிண்டிலில் வாங்கியது உண்மையில் நம்முடையதா என்ற கேள்வியும் உண்டு. 2009-இல் உரிமைச் சிக்கல் காரணமாக இரண்டு நாவல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பிறகு மன்னிப்பும் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. நூல்களைச் சேர்த்து வைத்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அச்சுப் புத்தகம்தான் வாங்க வேண்டும். நான் அப்படி எண்ணுவதில்லை. ஒருமுறை படித்துவிட்டு நகர்கிற ஆள், அதனால் இது எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை.

இலவசத் தமிழ் நூல்களில் இரண்டு கருவிகளும் சமம்தான், வழிதான் வேறு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை கிடக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இபப் (மின்வாசிப்பான்கள் திறக்கும் மின்னூல் கோப்பு), ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் என்று பல வடிவில் தருகிறார்கள். கிண்டிலுக்கு என்றால் இபப் கோப்பை அதற்குரிய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் போதும், வந்து சேரும். கோபோ கிளாராவுக்குக் கேபிள் போட்டு ஏற்ற வேண்டும். சோம்பேறிகளுக்குக் கிண்டில் வசதி. கணினியைத் திறக்க அலுப்பில்லாதவருக்கு இதில் வித்தியாசமே தெரியாது.

எழுத்து எப்படித் தெரிகிறது என்பதைக் கடைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மா படிப்பது கோபோவில்தான். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு முதல் நாளே சொன்னார், "என்னடா இது, எழுத்துக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு?" வாங்கிப் பார்த்தால் உண்மைதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொல் நிற்பதே பெரிய காரியம். இருபுறமும் ஓரத்தை நேராக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததால், அந்த மூன்று சொல்லையும் இழுத்துப் பிடித்து நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி விட்டிருந்தது. அமைப்பில் இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. கிண்டிலிலும் இதே அமைப்பு உண்டு. ஆனால் வயதானவருக்கு வாங்குகிறீர்கள், அவர் படிக்கப்போவது தமிழ் மட்டும்தான் என்றால், எந்த நிறுவனமானாலும் சரி, 7 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். நான் இன்றைக்கு வாங்கினால் அம்மாவுக்கு வாங்குவது பேப்பர்வொயிட்டாகத்தான் இருக்கும், நூலகம் இல்லாவிட்டாலும்.

எழுத்துருவும் பார்க்க வேண்டியதுதான். கோபோவைக் கணினியில் இணைத்து, ஆங்கிலத்தில் 'ஃபாண்ட்ஸ்' என்று பெயரிட்ட கோப்புறையை உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டுவிட்டால் வாசிக்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கிண்டிலும் இதை ஏற்கும். இதைச் செய்ததும் பக்கம் அச்சுப் புத்தகத்துக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது.

கோபோவில் வண்ணத் திரை கொண்ட கிளாரா கலர் என்ற மாடலும் இருக்கிறது. கறுப்பு வெள்ளை எழுத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு அதில் பாதி. திரை ஒரு சாயல் மங்கல். பிள்ளைகளின் படக்கதைக்கு வேண்டுமானால் சரி. தமிழ் நாவலுக்கு அந்த 20 டாலர் தண்டம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஐபேட் மினியை ஒதுக்கிவிட முடியாது, அதற்குக் காரணம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015-இல், தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இங்கத்திய எழுத்தாளர்களின் ஐம்பது ஆண்டு இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கித் தேசிய நூலகத்திடம் கொடுத்தது. தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பான நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு பக்கங்கள் கிடைக்கின்றன. இவையெல்லாம் அச்சுப் பக்கத்தை அப்படியே படமெடுத்தவை. படமாக உள்ள பக்கத்தில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. ஆறு அங்குல மின்வாசிப்பானில் திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்தால் இ-இங்க் திரை ஒவ்வொரு இழுப்புக்கும் யோசித்து யோசித்து வரும், ஒரு பக்கம் முடிவதற்குள் பொறுமை போய்விடும். ஐபேடில் இரண்டு விரலால் விரித்தால் ஆயிற்று. உள்ளூர் இலக்கியமோ பழைய நாளிதழோ ஆராய்பவர், பல்கலைக்கழகத்தில் பிடிஎஃப்போடு மல்லுக்கட்டும் மாணவர், இவர்கள் மின்வாசிப்பான் பக்கமே போக வேண்டாம். கண் சோர்வும் நடுவில் வந்து விழும் வாட்ஸ்அப் அறிவிப்பும் இருக்கத்தான் செய்யும். அறிவிப்பையாவது அணைத்துவைக்கலாம். மினிதான் வேண்டும் என்றும் இல்லை, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் எந்த டேப்லெட்டும் இந்த வேலையைச் செய்யும்.

புதிதாக வாங்க மனமில்லாதவர்களுக்குப் பழைய பொருள்கள் விற்கும் கரோசல் தளம் இருக்கிறது. 'பரிசாக வந்தது, ஓரிரு முறைதான் தொட்டேன்' என்ற வரியோடு அங்கே வரிசையாக மின்வாசிப்பான்கள் நிற்கும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும், வாங்கியவர்கள் எல்லாரும் படிப்பவர்கள் இல்லையே. பேப்பர்வொயிட் என்றால் 2021-இல் வந்தது அல்லது அதற்குப் பிந்தையது, கோபோ கிளாரா என்றால் 2022-இல் வந்த 2இ அல்லது அதற்குப் பிந்தையது பாருங்கள். அவற்றில்தான் யுஎஸ்பி-சி துளை. அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய மைக்ரோ கேபிளைத் தேடி அலைய வேண்டும். எம்ஆர்டி நிலைய வாசலில் பொருளைக் கைமாற்றும்போதே விற்பவர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட்டாரா என்று உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு தமிழ் இபப் கோப்பைக் கைப்பேசியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலாக இருந்தால் அங்கேயே உங்கள் கணக்கைப் போட்டு அந்தக் கோப்பை அனுப்பி, கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகிறதா, திரையில் கோடு எதுவும் நிற்கிறதா என்று நாலு பக்கம் திருப்பிப் பார்த்த பிறகு பேநவ் வழியாகப் பணம் அனுப்பினால் போதும்.