முனகும் செல்ஃபும் நான் வீணாக மாற்றிய பேட்டரியும்

என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர். வயது முப்பதைத் தொட்டுவிட்டது. உழவில் இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் காலையில் சாவியைத் திருப்பினால், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் முனகத் தொடங்கியது. இன்ஜின் ஒரு சுற்று சுற்றும், நிற்கும், யோசித்துவிட்டு இன்னொரு சுற்று. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும், இன்ஜின் பிடிக்காது. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை வேகமாக அழுத்தி எழும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் அந்தச் சூடு எழாது.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இரண்டு வாரம் பிரமாதம், பிறகு பழைய முனகல். அடுத்து செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினேன். பெரிய மாற்றம் இல்லை. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டியது. அந்த எண்ணை நம்பித்தான் மாதக்கணக்கில் ஏமாந்தேன். சும்மா நிற்கும் பேட்டரியின் வோல்ட், செல்ஃப் சுற்றும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது.

கடைசியில் ஒரு மெக்கானிக் சொல்லிக்கொடுத்த சோதனைதான் கண்ணைத் திறந்தது. இன்ஜின் பிடித்துவிடாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, நான் மீட்டரைப் பார்த்தேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 11.4 வோல்ட் இருந்தது. அதே நேரத்தில் செல்ஃபின் கேபிள் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 8.7 மட்டுமே. அதாவது 2.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. எங்கே? பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் போல்ட் வரை அளந்தால் 0.4 வோல்ட்; அது பரவாயில்லை. நெகட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் உடம்பு வரை அளந்தால் 2.3! அந்தப் பக்கம் கால் வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

குற்றவாளி எர்த் வயர், அதாவது பேட்டரியின் நெகட்டிவை டிராக்டரின் இரும்பு உடம்போடு இணைக்கும் கேபிள். அதற்கு முந்தைய ஆண்டு ஆசைப்பட்டு டிராக்டருக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னவன் நான்தான். எர்த் வயரின் லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் அதன் உலோக முனையை, பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கேபிளின் உறையைச் சற்று கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு கருத்துக் களிம்பு ஏறியிருந்தது. செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். நாலைந்து முறை சுற்றிய பிறகு அந்த இணைப்பைத் தொட்டால் நன்றாகச் சுட்டது. முதல் நாளே தொட்டுப் பார்த்திருக்கலாம்.

இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை நேராக செல்ஃப் பொருந்தும் போல்ட்டிலேயே கட்டினேன். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். ஸ்பேனர் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்காமல் இருக்க இதுதான் வழி. அன்றிலிருந்து அரைச் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது.

இரண்டு ஆண்டு கழித்து முனகல் திரும்பியது, ஆனால் வேறு குணத்தோடு. காலையில் நன்றாக எடுக்கும். உழுது நிறுத்திவிட்டுச் சூட்டோடு திருப்பினால் இழுக்காது. இம்முறை பேட்டரி முனையிலேயே வோல்ட் 9க்குக் கீழே விழுந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்து சோதித்தால் அதில் கோளாறு இல்லை. முன்பு மின்சாரம் செல்ஃபை எட்டவில்லை. இப்போது செல்ஃப் அளவுக்கு மீறி விழுங்கியது. பிரித்ததும் தெரிந்தது: செல்ஃபின் தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சரிந்து காந்தக் கட்டைகளில் உரசிய பளபளப்பான தடம். புஷ் மாற்றியதும் சரியானது.

சின்ன விஷயங்களும் உண்டு. குளிரில் கிளட்சை மிதித்துக்கொண்டு திருப்பினால் என் டிராக்டரில் கியர்பாக்ஸ் எண்ணெயின் கனம் செல்ஃப் மேல் விழுவதில்லை. பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றுவதில்லை, இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுகிறேன். டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் முனைகளை இணைத்து எடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். வண்டி கியரில் இருந்தால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும்.

வீணாக மாற்றிய பழைய பேட்டரி இப்போது கொட்டகையில் விளக்கு எரிக்கிறது. அதில் குறையே இருக்கவில்லை.