ஸ்லீவா, பைபாஸா: பத்தாவது ஆண்டின் பராமரிப்பை வைத்து ஓர் ஒப்பீடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எந்த முறையில் எத்தனை கிலோ குறையும் என்பதிலேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறுவை செய்துகொண்டவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது: எடை இறங்கி, பார்ப்பவர்களின் வியப்பும் ஓய்ந்து, பத்தாவது ஆண்டில் நிற்கும்போது அந்த வயிறு நம்மிடம் அன்றாடம் என்னென்ன கேட்கும்? இதற்குக் கிடைத்த விடையை வைத்துத்தான் நான் உணவின் பாதையையே மாற்றிவிடும் பைபாஸை விட்டு, இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே கீழே வருவது தராசு முள் நடுவில் நிற்கும் தீர்ப்பாக இராது.

யாருக்கு அறுவை பொருந்தும் என்பதை விரித்துப் பேச வேண்டியதில்லை. உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே நோய்களும் இருந்தால் செய்யலாம் என்று 1991-இல் வகுத்த அளவுகோலைத் துறைசார் அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் தளர்த்தின. இப்போது 35 இருந்தாலே போதும். நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 30 முதலும், ஆசிய மக்களுக்கு 27.5 முதலும் பரிசீலிக்கலாம்.

மற்ற முறைகளையும் விரைவாகவே கடந்துவிடலாம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் பொருத்தும் பேண்ட் முறை, அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்ற பின் ஒரு காலம் கொடிகட்டிப் பறந்தது. வளையம் நழுவுவதும், இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே இறங்குவதும், போதிய எடை குறையாமல் போவதும் பெருகி, பொருத்தியதைக் கழற்றுவதற்கே மறுபடி அறுவை செய்யும்படி ஆனதால் இன்று ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் சில மாதங்களில் வெளியே எடுக்கப்படுவது. அதை அறுவையோடு ஒப்பிடுவதே சரியில்லை. இரைப்பையைக் குறுக்குவதோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் உணவு தாண்டிப் போகச் செய்யும் டியோடினல் ஸ்விட்ச் முறை எல்லாவற்றையும் விட அதிக எடையைக் குறைக்கும். அதற்கேற்பப் புரதக் குறைபாடும், ஏ, டி, இ, கே வைட்டமின்களின் குறைபாடும் விடாமல் துரத்தும். பசியைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசி, ஆய்வில் 68 வாரங்களில் உடல் எடையில் சுமார் 15 சதவீதத்தைக் குறைத்தது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். ஆக, அறுவை என்று முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் முன்னால் கடைசியில் நிற்பவை ஸ்லீவும் பைபாஸும்தான்.

ஸ்லீவ் முறையில் வாய்வழியாக ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவாக வைத்துக்கொண்டு, ஸ்டேப்ளர் கருவியால் இரைப்பையை நெடுக வெட்டித் தைத்துக்கொண்டே போகிறார்கள். முக்கால் பங்குக்கும் மேலான இரைப்பை உடலை விட்டே வெளியேறுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடும். எஞ்சுவது ஒரு குறுகிய குழல். குடலில் கை வைப்பதில்லை. பைபாஸில் இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும். ஆனால் உணவு அவ்வழியே போகாது. இரண்டுமே லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாக நடப்பவை. மருத்துவமனையில் தங்குவது, திரவ உணவில் தொடங்கிப் படிப்படியாகத் திட உணவுக்கு வருவது ஆகியவற்றிலும் பெரிய வேறுபாடு கிடையாது.

கிலோக் கணக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஃபின்லாந்தில் 240 பேரை இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022-இல் வெளியாயின. கூடுதல் எடையில் ஸ்லீவ் குழு சராசரியாக 43.5 சதவீதத்தையும் பைபாஸ் குழு 51.9 சதவீதத்தையும் இழந்த நிலையில் இருந்தன. பைபாஸ் முந்துகிறது என்பதில் ஐயமில்லை. இந்த இடைவெளி எவ்வளவு என்று கிலோவில் போட்டுப் பாருங்கள்: 120 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உயரத்திற்கேற்ற எடை 70 கிலோ என்றால் கூடுதல் 50 கிலோ, அதில் எட்டு சதவீதம் என்பது 4 கிலோ. சராசரிக் கணக்கு தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் அந்த நான்கு கிலோவுக்காக ஆயுள் முழுவதும் எதை ஏற்றுக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தபோதுதான் என் மனம் ஸ்லீவ் பக்கம் சாய்ந்தது.

முதலில் வலி மாத்திரை. எனக்கு மூட்டு அழற்சி நோய் உண்டு. அது சீறும் வாரங்களில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை இல்லாமல் கைவிரலை மடக்க முடியாது. பைபாஸில் இரைப்பைப் பையும் குடலும் சேரும் இணைப்பில், அமிலத்துக்குப் பழகாத குடல் நேரடியாக அமிலத்தைச் சந்திக்கிறது. அவ்விடத்தில் புண் வருவதற்கு இரண்டு பெரிய காரணங்களாகச் சொல்லப்படுபவை புகைப்பழக்கமும் இவ்வகை வலி மாத்திரைகளும். அந்தப் புண்ணில் ரத்தம் கசியலாம், ஓட்டை விழவும் செய்யலாம். ஆகவே ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளை ஆயுள் முழுவதும் தவிர்க்கும்படிதான் பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் சொல்வார்கள். பாராசிட்டமால் போதுமானவர்களுக்கு இது பொருட்டே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் கதவை அடைக்கும் காரணம். ஸ்லீவிலும் இந்த மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொள்ள அனுமதி கிடையாது. மருத்துவரைக் கேட்டு, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து, சில நாட்களுக்கு என்ற அளவில் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது சத்து மாத்திரைகள். ஸ்லீவ் என்றால் அவை வேண்டாம் என்று சிலர் நம்புகிறார்கள், அது சரியன்று. பல்சத்து மாத்திரையும் பி12-உம் வைட்டமின் டி-யும் கால்சியமும் இரு தரப்புக்கும் வாழ்நாள் கடமைதான். வேறுபாடு, தவறவிட்டால் எவ்வளவு தண்டனை என்பதில் இருக்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை பைபாஸ் தாண்டிச் செல்வதால், நல்ல உணவு உண்டாலும் அவை உடலில் சேர்வது குறைந்தே இருக்கும். ஸ்லீவில் உணவு வழக்கமான பாதையிலேயே போகிறது; குறைபாடு வருவது பெரும்பாலும் உண்ணும் அளவும் அமிலச் சுரப்பும் குறைந்துவிடுவதால்தான்.

இந்தக் கடமை அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பதை மாத்திரைப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரே வேளையில் 600-க்கு மேல் உடல் சரியாக ஏற்காது என்பதால் இரண்டு, மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். அதுவும் அமிலம் குறைந்த வயிற்றுக்கு உகந்த கால்சியம் சிட்ரேட்டாக இருப்பது நல்லது. இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இரும்பின் அளவும் கூடும். இவற்றையெல்லாம் உணவுக்கும் நீருக்கும் இடையே விடும் அரை மணி இடைவெளியோடு பொருத்தினால், ஒரு நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தே நகர்கிறது. முதல் ஆண்டில் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். பிற்பாடு வேலை, பயணம், சலிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பி12 கல்லீரலில் நெடுநாளைக்குச் சேமிப்பில் இருப்பதால், மாத்திரையை விட்ட உடனே எதுவும் தெரியாது. ஆண்டுகள் கழித்துக் கால் மரத்துப்போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். என் ஒழுங்கின் மீது எனக்கே முழு நம்பிக்கை இல்லாதபோது, தவறை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் முறையைத் தேர்வதுதான் விவேகம் என்று பட்டது.

மூன்றாவது, எட்டாத இடங்கள். பைபாஸுக்குப் பின் உள்ளே ஒதுக்கிவைக்கப்பட்ட இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோப்பியால் பார்க்க முடியாது. குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. எடை வேகமாக இறங்கும் மாதங்களில் பித்தப்பைக் கல் உருவாவது இரு முறைகளிலும் உண்டு. அந்தக் கல் பித்தநாளத்தில் இறங்கி அடைத்துக்கொண்டால், ஸ்லீவ் செய்துகொண்டவருக்கு வாய்வழியாகக் கருவி செலுத்தி எடுத்துவிடலாம். பைபாஸ் செய்துகொண்டவருக்கு அந்தப் பாதையே மாறிவிட்டிருப்பதால் அது சிக்கலான வேலையாகிவிடும். குடலை இடம் மாற்றி இணைக்கும்போது உண்டாகும் இடைவெளிகளில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் உள்குடலிறக்கம் என்ற ஆபத்தும் உண்டு. அந்த இடைவெளிகளைத் தைத்து மூடுவதால் இது குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. எடை குறையக் குறையக் குடலைத் தாங்கும் மடிப்பின் கொழுப்பும் கரைந்து இடைவெளி விரிவதால், எல்லாம் நலமாக இருக்கும் ஒரு நாளில், ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். நள்ளிரவில் வயிற்று வலியோடு போகும்போது, அங்கே பணியில் இருக்கும் மருத்துவருக்கு பைபாஸ் வயிற்றின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். வேலை நிமித்தம் அடிக்கடி இடம் மாறுகிற எனக்கு அந்த உறுதி கிடையாது.

இனிப்பைச் சற்று அதிகம் உண்டால் வியர்த்து, படபடத்து, தலை சுற்றும் டம்பிங் தொல்லை பைபாஸில் அதிகம். இனிப்பைத் தொடவிடாமல் காக்கும் காவலாளி என்று அதைப் புகழ்பவர்களும் உண்டு. தண்டித்துத் திருத்தும் வயிறு எனக்கு வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஸ்லீவின் பலவீனத்தையும் நேராகச் சொல்லியாக வேண்டும். அது எதுக்களிப்பு. இரைப்பை குறுகிய குழலாகும்போது உள்ளழுத்தம் கூடி, அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. மேலே சொன்ன அதே ஃபின்லாந்து ஆய்வில், பத்தாம் ஆண்டு எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம் பேருக்கும், பைபாஸ் குழுவில் 7 சதவீதம் பேருக்கும் தென்பட்டது. ஏற்கெனவே நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும், மேலே நான் அடுக்கிய காரணங்கள் எல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். எனக்கு அறுவைக்கு முன் செய்த எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது. இன்றுவரை இரவில் அவ்வப்போது தொண்டை வரை வரும் ஒரு புளிப்பைத் தவிரத் தொல்லையில்லை. ஆனால் என் அனுபவம் சில ஆண்டுகளுக்கு உரியது மட்டுமே. எதுக்களிப்பு மெல்ல வளர்வது என்பதால் என்னைச் சான்றாகக் காட்டி யாரும் நிம்மதி அடைய வேண்டாம். தைத்த கோட்டின் மேல்முனையில் கசிவு ஏற்படுவது அரிது. ஏற்பட்டால் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்கவும் முடியாது.

நீரிழிவுக்காகவே அறுவைக்குப் போகிறவர்களுக்கும் பைபாஸ் பக்கம் சற்றுக் கனம் கூடுதல். அமெரிக்காவில் 150 பேரிடம் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வெளியானபோது, ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். இரண்டு அறுவைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட, அறுவைக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தூரம்தான் இதில் கண்ணில் படுகிறது. எனினும் நெடுங்காலம் இன்சுலின் போடுபவராக இருந்தால் நான் பைபாஸையே இன்னொரு முறை யோசித்திருப்பேன்.

மினி பைபாஸ் எனப்படும் ஒற்றை இணைப்பு முறையைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமோ, நெருங்கியவர்களின் அனுபவமோ கிடையாது. 1997-இல் தொடங்கிய இம்முறையில் இணைப்பு ஒன்றே என்பதால் அறுவை நேரம் குறைவு, எடைக் குறைப்பும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் குடலின் நீண்ட பகுதியைத் தாண்டுவதால் சத்துக்குறைபாட்டுக் கணக்கு வழக்கமான பைபாஸைவிட இலேசாக இராது. பித்தநீர் மேலேறும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது. என் அளவுகோலில் அது முன்னுக்கு வரவில்லை.

ஸ்லீவுக்குச் சாதகமாக இன்னொன்றையும் கணக்கில் வைத்திருந்தேன். பிற்காலத்தில் எதுக்களிப்பு தாங்க முடியாமல் போனாலோ, எடை மிகவும் திரும்பிவிட்டாலோ, ஸ்லீவை பைபாஸாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பலருக்கு அப்படி மாற்றியும் இருக்கிறார்கள். இரண்டாம் அறுவைக்கு முதல் அறுவையைவிட ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதையும் சேர்த்தே மருத்துவர் சொன்னார். எனக்கு அந்த நாள் வந்தால், மூட்டு வலிக்கு வேறு மருந்தைத் தேடி வைத்துக்கொண்ட பிறகுதான் மேசையில் ஏற வேண்டியிருக்கும்.