பிஸ்டன் பம்ப்பில் குழி விழாமலிருக்க எது உதவும்: நாட்ச்சா, சிற்றறையா, கடின உலோகமா?

அம்பத்தூர், கிண்டிப் பக்கம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். பம்ப்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல இருக்கும். பிரித்தால் வால்வ் பிளேட்டிலும் (எண்ணெய் உள்ளே வரவும் வெளியே போகவும் துளைகள் உள்ள தட்டு), அதன்மேல் சுழலும் பேரல் (பிஸ்டன்கள் ஓடும் சிலிண்டர்கள் உள்ள உருளை) முகத்திலும் பொடிப்பொடியாகக் குழிகள். கேவிட்டேஷன்தான்: எண்ணெயில் குமிழ்கள் பிறந்து உடைந்து உலோகத்தைக் கொத்துவது. பிளேட்டை மாற்றச் சொல்வார் மெக்கானிக். எப்படிப்பட்ட பிளேட்டை என்பதுதான் கேள்வி.

1500 ஆர்பிஎம்மில் ஒரு பிஸ்டன் எண்ணெயை உறிஞ்சக் கிடைப்பது 20 மில்லிவிநாடி. அதற்குள் சிலிண்டர் நிரம்பாவிட்டால் அழுத்தம் சரிந்து, எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று குமிழாக வெளியேறும். மினரல் ஆயிலில் கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் காற்று கரைந்தே இருக்கிறது. இது சக்‌ஷன் கோளாறு. இரண்டாவது வகை, சிலிண்டர் சக்‌ஷனிலிருந்து டெலிவரிக்கு (வெளியேற்றும் பக்கத்துக்கு) மாறும் கணத்தில் நடப்பது. டெலிவரி பக்கத்து 200 பார் எண்ணெய் சின்ன இடுக்கு வழியாகச் சிலிண்டருக்குள் திரும்பப் பாயும்போது விநாடிக்கு 200 மீட்டரைத் தொடும். அந்தத் தாரையின் ஓரங்களில் பிறக்கும் குமிழ்கள் உடைந்து உலோகத்தைக் கொத்துகின்றன.

இந்த இடுக்கைப் பதமாகத் திறக்கத்தான் கிட்னி போர்ட்டின் (வால்வ் பிளேட்டில் உள்ள சிறுநீரக வடிவத் துளை) முனையில் சரிவாக வெட்டிய வி வடிவப் பள்ளம், அதாவது வி நாட்ச். மலிவானது, அசையும் பாகம் கிடையாது. ஒரே சுமையில் நாள்முழுக்க ஓடும் மெஷினுக்கு இதுவே போதும். ஆனால் அதன் நீளமும் ஆழமும் ஏதோ ஓர் அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் கணக்கிட்டவை. மோல்டிங் மெஷின் ஒவ்வொரு சைக்கிளிலும் அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நாட்ச்சால் அத்தனைக்கும் பொருந்த முடியாது.

அங்கேதான் முன்னழுத்தச் சிற்றறை மேல். பேரல் திரும்பும்போது சிலிண்டர் முதலில் இந்த அறையோடு இணைந்து அழுத்தம் பெறுகிறது; காலியான அறை பிறகு டெலிவரியிலிருந்து நிதானமாக நிரம்பிக்கொள்கிறது. பின்பாய்ச்சல் ஒரே அடியாக வராமல் பரவுவதால், அழுத்தம் மாறினாலும் ஓரளவு தாங்கும். போர்ட் பிளாக்கில் அதற்கு இடம் வேண்டும், பழைய பம்ப்பில் பொருத்த முடியாது. புதிதாக வாங்கும் மோல்டிங் யூனிட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

கடினப்படுத்திய ஸ்டீல் பிளேட் குழியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். குமிழ் பிறப்பதை அது தடுக்காது. எதிரே இருக்கும் வெண்கல முகம் அடிவாங்கலாம்.

சக்‌ஷன் கோளாறு என்றால் இவை எதுவுமே உதவாது. டேங்கிலிருந்து நேரே உறிஞ்சும் பல ஓப்பன் சர்க்யூட் பம்ப்புகளுக்கு நுழைவாயிலில் குறைந்தது 0.8 பார் தனி அழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளப்பது; காற்றழுத்தமே சுமார் 1 பார்) வேண்டும். குழாயும் ஃபில்டரும் சேர்ந்து தின்னலாம் என்பது வெறும் 0.2 பார். டேங்கை உயர்த்துவது, குழாயைப் பெரிதாக்குவது, முடியாவிட்டால் எண்ணெயைத் தள்ளிக்கொடுக்கும் பூஸ்ட் பம்ப். குளிரில் எண்ணெய் இறுகும் தொல்லை சென்னையில் நமக்கில்லை; அடைத்துக்கொண்ட ஃபில்டர்தான் இங்கே முதல் சந்தேகம்.

எந்த வகை என்று அறிய, பம்ப் முழு ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன்கள் முழுத் தூரமும் ஓடும் நிலையில்) இருக்கும்போதே டெலிவரி அழுத்தத்தை இறக்கிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் நாட்ச் பக்கம் பாருங்கள், அடங்காவிட்டால் சக்‌ஷனை.

லேப்பிங் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குழி விழுந்த பிளேட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது நம் பட்டறைகளில் வழக்கம். முகம் பளபளவென்று வரும். ஆனால் நாட்ச் சரிவாக வெட்டப்பட்டது. மேலே கொஞ்சம் தேய்த்தாலே அதன் நீளம் கணிசமாகக் குறையும், திறக்கும் நேரம் மாறும். கொடுக்கும் முன் நாட்ச்சை அளந்து குறித்துவையுங்கள். திரும்பி வந்ததும் நீளம் குறைந்திருந்தால் அந்தப் பிளேட்டைப் பூட்டாதீர்கள்.