ட்வின் பீக்ஸ் இரண்டாம் சீசன்: எதை விடாமல் பார்ப்பது, எதை ஓட்டிவிடுவது

ட்வின் பீக்ஸ் என்ற சிற்றூரின் பள்ளி மாணவி லாரா பாமரைக் கொன்றது யார்? 1990-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ முதல் சீசனின் எட்டு எபிசோடுகளையும் இழுத்துச் சென்றது இந்த ஒரு கேள்விதான். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான இயக்குநர் டேவிட் லிஞ்சுக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. சேனல் நெருக்கியது. 22 எபிசோடுகள் கொண்ட இரண்டாம் சீசனில் ஏழாவதிலேயே கொலையாளி யாரென்று தெரிந்துவிடுகிறது.

முதல் ஒன்பது எபிசோடுகளை வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். தொடக்கமே துணிச்சலானது: கொலையை விசாரிக்க வந்த எஃப்பிஐ அதிகாரி கூப்பர் குண்டடிபட்டு ஓட்டல் அறைத் தரையில் கிடக்கிறார். சூடான பாலோடு வரும் கிழ சர்வர், ஃபோனை மெதுவாக வைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து மறுபடியும் காட்டுகிறார். சிரிப்பும் பதற்றமும் ஒரே நேரத்தில் வருகின்றன.

ஏழாவதை விளக்கணைத்து, ஹெட்ஃபோனில் பாருங்கள். பாட்டு முடிந்தும் ரெக்கார்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, முள் ஒரே சீராகத் தட்டுகிறது. பயத்தைக் கிளப்பப் பின்னணி இசை தேவைப்படவில்லை. அந்தத் தட்டலே போதும். ரே வைஸ், ஷெரில் லீ இருவரின் நடிப்பும் தொலைக்காட்சியில் அபூர்வம்.

சரிவு பத்தில் தொடங்குகிறது. அதுவரை ஊரில் எல்லோர்மேலும் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு காபிக் கடைப் பேச்சுக்கும் கனம் இருந்தது. கொலையாளி தெரிந்ததும் அந்தக் கனம் போய், கிளைக்கதைகள் தனித்தனியாகத் தொங்குகின்றன. மிக மோசமானது 11 முதல் 15 வரை நீளும், லாராவின் ரகசியக் காதலன் ஜேம்ஸின் கதை: வேறு ஊர், பணக்காரி, ரிப்பேர் பார்க்க ஒரு கார். ட்வின் பீக்ஸோடு ஒட்டு உறவே இல்லை. தயங்காமல் ஓட்டிவிடலாம். ஓட்டல் முதலாளி பென் ஹார்ன் தன்னை அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதியாக நினைத்துக்கொள்ளும் காட்சிகளும் அப்படியே.

அதற்காக மொத்தமாகத் தாண்டிவிடாதீர்கள். பத்தின் முடிவில் விமானப்படை அதிகாரி மேஜர் பிரிக்ஸ் காட்டில் மறைவது, பதிமூன்றின் கடைசியில் சதுரங்கப் பலகையோடு வைக்கப்பட்ட சடலம், இரண்டும் தெரியாமல் இறுதிப் பகுதி புரியாது. டேவிட் டுகோவ்னி நடித்த டெனிஸ் வரும் 11 முதல் 13 வரையிலான காட்சிகளையும் தவறவிடக் கூடாது. கூப்பருக்கு முன்பு ஆணாக அறிமுகமாகியிருந்த சக அதிகாரி பெண்ணாக வந்து நிற்க, கூப்பர் மறுகேள்வி இல்லாமல் புதிய பெயரில் அழைக்கிறார். 1990-ல் இப்படி எழுதியிருப்பது பெரிய விஷயம்.

பதினேழில் கூப்பர் காதலிக்கப்போகும் ஆனி வந்தபின் கதை மறுபடி நிமிர்கிறது. கடைசி எபிசோடை லிஞ்சே இயக்கினார், எழுதி வைத்திருந்ததில் பலவற்றை ஒதுக்கிவிட்டு. சிவப்புத் திரை, கோணல்மாணல் கோடு போட்ட தரை. நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பேசி, அதைத் திருப்பி ஓட்டியதால் வந்த அந்தக் குரலுக்கு இன்றும் ஈடில்லை. கண்ணாடி முன் கதை நின்றுபோகிறது. தொடர்ச்சி வந்தது 2017-ல்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் சீசனின் முதல் எபிசோடுக்கு வெளிநாட்டு விற்பனைக்காக ஒரு முடிவைச் சேர்த்த நீளமான வடிவம் உண்டு. அதில் தொடங்கினால் மர்மம் கெடும். 1992-ல் வந்த திரைப்படம் லாராவின் கடைசி நாட்களைச் சொல்கிறது. கதைப்படி முந்தையது என்றாலும், இந்த சீசனை முடித்த பிறகே அதைத் தொடவும்.